அவன் விட்டால் கிளம்பும்

ஜூன் 3, செவ்வாய்

மருமகள் வேணிக்கு மதுரையில் வேலை கிடைத்துவிட்டது. கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பார்வைப் பரிசோதனைப் பிரிவு. பதினாறாம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும், முந்தின நாள் ஞாயிறு கிளம்பினால் சரியாக இருக்கும் என்றாள். சொல்லும்போது என்னையும் பார்க்கவில்லை, ஆவுடையம்மாளையும் பார்க்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவுடை ஒன்றும் பேசாமல் சாம்பாரை இறக்கி வைத்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியும், என் மனைவி சத்தம் போட்டால் ஆபத்தில்லை. பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

பிறகு வேணி ஒன்று கேட்டாள். என் மகன் செண்பகராஜின் வண்டியைத் தான் எடுத்துக்கொள்ளலாமா, வேறு எதுவும் வேண்டாம், அது மட்டும் போதும் என்றாள். எண்பத்தேழாம் வருஷத்து இரண்டு ஸ்ட்ரோக் வண்டி அது. காயலான் கடைக்குப் போக இருந்ததை என் மகன் வாங்கி வந்து, நட்டு நட்டாக அவிழ்த்து மாட்டி, தண்ணீர் போல ஓட வைத்தான். கல்யாணமான பிறகு இவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பங்குனியில் ஒரே பகலில் மூளையில் ரத்தம் கசிந்து அவன் போனதிலிருந்து, வண்டி பின்பக்கத் தகரக் கொட்டகையில் நிற்கிறது.

அப்போதுதான் ஆவுடை வாயைத் திறந்தாள். "அவன் உசுரு அந்த வண்டியிலதான இருக்கு. அவன் விட்டான்னா கிளம்பும். கிளம்புச்சுன்னா நீ போ. கிளம்பலைன்னா நீ போறது அவனுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம்."

"சரி அத்தை. கிளம்பலைன்னா நான் போகலை" என்றாள் வேணி.

யோசிக்காமல் கொடுத்த வாக்கு. வண்டி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. வேலை என் தலையில் விழுந்தது. பாலிடெக்னிக் லேபில் ஓடாத மோட்டார்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன் நான், இதெல்லாம் எம்மாத்திரம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரை எதற்கு, நாளைக்கே கிளப்பித் தருகிறேன் என்றும் வாயை விட்டுவிட்டேன்.

ஜூன் 4, புதன்

கிளம்பவில்லை.

டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. வடித்துக் கொட்டினேன். புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினேன். பிளக்கைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எஞ்சினில் வைத்து உதைத்துப் பார்த்தேன். நீலமாகப் பொறி வந்தது. பெட்ரோல் இருக்கிறது, பொறி இருக்கிறது, காற்று ஊரெல்லாம் இருக்கிறது. பிறகு ஏன் கிளம்பவில்லை என்றுதான் தெரியவில்லை. மறுபடி பிளக்கைக் கழற்றினால் நனைந்துபோய் இருக்கிறது. உதைக்கும்போது எஞ்சினுக்கு நெஞ்சில் மூச்சு நிற்கிற மாதிரி ஒரு திணறல்.

கொட்டகை ஓரத்தில் ஆவுடை தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். செடி கொடி ஒன்றும் இல்லாத இடம் அது. ஏன் என்று கேட்டால் புழுதி அடங்கட்டும் என்கிறாள். அந்த ஈர மண்ணைச் சுற்றி ஒரு கருங்குளவி அலைந்துகொண்டிருந்தது. துண்டால் விரட்டினேன், போன வேகத்தில் திரும்பி வந்தது.

ஜூன் 6, வெள்ளி

கார்புரேட்டரைப் பிரித்தேன். பெட்ரோல் வரும் ஜெட் ஓட்டையில் செம்புக் கம்பி இழை விட்டு எடுத்தேன், ஒரு துளி அழுக்கு. பொறியை விட்டு விட்டுத் தரும் பாயின்டைத் தேய்த்து, இடைவெளிக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டேன். இதுதான் காரணம் என்று வேணியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவளே வந்து உதைத்தாள். காரணம் இது இல்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கொட்டகையில் உட்கார்ந்தேன். வெயிலுக்குத் தகரம் சடசடவென்றது. வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனகுவது போல. கொஞ்ச நேரம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். மகன் ராஜு ஸ்பானர் பிடிக்கும்போது அப்படித்தான் எதையாவது முனகிக்கொண்டே இருப்பான். அவன் அம்மா எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் "ராஜு" என்று கூப்பிட்டுவிட்டேன்.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். காற்றுதான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

தள்ளிப் பார்த்தோம். வேணி சீட்டில் உட்கார்ந்து கிளட்சைப் பிடித்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன். மேட்டுத் தெருவிலிருந்து பள்ளிவாசல் முக்கு வரை இறக்கம். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். எஞ்சின் ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு வந்தோம். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டுப் பார்வதியக்கா, இதை எடைக்குப் போட்டால் நல்ல விலை வரும் என்று யோசனை சொன்னாள்.

ஆவுடை நடையில் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாவது தடவையும் கிளம்பாமல் திரும்பியபோது, "அவன்தான் போகமாட்டேங்கிறானே, ஏன் போட்டு இழுக்கீங்க" என்றாள். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வேணி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். வியர்வையா என்னவென்று தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது.

ஜூன் 9, திங்கள்

இக்னிஷன் காயிலை மாற்றினேன். மாற்றம் இல்லை.

வேணி நேற்று ராத்திரியிலிருந்து தனியாகப் பாய் போட்டுக்கொண்டாள். ஆவுடை அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். போன மாதமும் இப்படித்தான் லேசாகப் பட்டது, சில பேருக்கு மூன்றாம் மாதம் வரைக்கும் அப்படி இருக்கும், பப்பாளி மட்டும் தின்னாதே என்று அந்தப் பிள்ளையிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்கள் விஷயம், எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

மைதீன் வந்தான். எட்டயபுரம் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். என் லேபில் படித்தவன். இத்தனை வருஷம் கழித்தும் என் முன்னால் ஸ்டூலில் உட்கார மாட்டான். வேணிதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். என்னிடம் கேட்டிருக்கலாம்.

உதைத்தான். பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்தம் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உள்ள போன மூச்சு வெளிய வரணும்ல சார். சைலன்சரைப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

பார்த்தாச்சு, கழற்றித் தட்டி மாட்டியாச்சு என்று சொன்னேன். நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படியென்றால் எஞ்சினை இறக்கித்தான் பார்க்க வேண்டும், கொண்டுபோய்ப் பிரித்தால் இரண்டு வாரம் ஆகும் என்றான். வேணி கொட்டகை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாதா அண்ணே என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். முடியாது என்று நான்தான் சொன்னேன்.

சாயங்காலம் ஆவுடை குழிப் பணியாரம் சுட்டாள். பங்குனிக்கு அப்புறம் அந்தக் கல்லை அவள் எடுத்ததே இல்லை. வீடெல்லாம் வெல்ல வாசனை. நானும் நன்றாகச் சாப்பிட்டேன். எழுதுவதற்கென்ன, எனக்கும் வேணி போகக்கூடாது என்றுதான் இருக்கிறது. அவள் இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும்வரை, ராஜு வெளியூர் எங்கேயோ போயிருக்கிற மாதிரி ஒரு நினைப்பு ஓடுகிறது. இவளும் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து யாருக்காகக் காத்திருப்பது?

ஜூன் 12, வியாழன்

வேணி தண்ணீர் பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து ஆவுடை என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னப் பிள்ளை போல என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியின் பின்னால் குந்த வைத்து, சைலன்சரின் வாயைக் காட்டினாள். மண் வைத்து அடைத்திருந்தது. விரலால் வழித்துப் பூசியது போல வழவழவென்று ஒரு பூச்சு. குளவிக் கூடு.

அப்படியா என்றேன்.

"பதினாறாம் நாள் விசேஷம் முடிஞ்ச மறுநாள் பாத்தேங்க. முதல்ல ஒரு உருண்டை மண்ணு. நாந்தான் தண்ணி ஊத்தி ஊத்தி அதுக்கு மண்ணு குழைச்சுக் குடுத்தேன். வீட்டுல குளவி கூடு கட்டுனா பிள்ளை வரும்ங்க. இத்தனை இடம் கிடக்க, அவன் வண்டியில வந்து ஏன் கட்டணும்?"

வேணி வயிற்றில் பிள்ளை இல்லை, அது உனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தில் இரண்டரை மாதமாக இல்லாத ஒரு தெளிச்சி.

அவளே மேலே பேசினாள். பிள்ளை இல்லை என்றாலும் போகட்டும், அந்தப் பெண் இங்கேயே இருந்தால் நமக்கு மகளாக ஆகிவிடுவாள் என்றாள். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து உள்ளே வைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவது. நானும் சின்ன வயசில் நம்பியவன்தான்.

கூட்டைக் கலைக்கக்கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் கேட்டாள். செய்து கொடுக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலையில் வண்டியைத் தொடவில்லை. இடுப்பு வலி.

சாயங்காலம் வேணி செல்போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும், இங்கிலீஷில் நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் மாமா என்றாள். என்ன விஷயம் என்று கேட்டேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையில் சேர இயலவில்லை, வருந்துகிறேன் என்று எழுத வேண்டுமாம்.

சொல்லச் சொல்ல அவள் போனில் டைப் அடித்தாள். நான் நன்றாகச் சொல்வேன். லேபில் லீவு லெட்டர் என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். இரண்டு வரி முடித்துவிட்டு, படித்துக் காட்டச் சொன்னேன். அவள் படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அழுதிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். விளக்கு வைக்கிற நேரம், அவள் முகத்தில் போன் வெளிச்சம் மட்டும் விழுந்தது. அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. மூச்சு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"அனுப்பட்டுமா மாமா?" என்றாள்.

நாளைக்கு அனுப்பிக்கலாம் தாயி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 14, சனி

ஆவுடை செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போயிருந்தாள். சைலன்சரைக் கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய சைக்கிள் சக்கரக் கம்பியால் குத்தினேன். மண் இறுகிக் கல்லாகியிருந்தது. அறை அறையாகக் கட்டியிருக்கிறது. மேல் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே எட்டுக்கால் பூச்சிகள். பச்சை, சாம்பல், வரி போட்டது என்று அடைத்து வைத்திருந்தது. செத்தது என்று நினைத்து ஒன்றைக் கம்பியால் நகர்த்தினேன். கால் அசைந்தது. எல்லாவற்றுக்கும் உயிர் இருக்கிறது. ஒன்றாலும் நகர முடியவில்லை. ஓர் அறையில் வெள்ளையாக ஒரு புழு, பக்கத்தில் கிடந்த பூச்சியின் வயிற்றில் வாயை வைத்திருந்தது. அந்தப் பூச்சியின் காலும் அசைந்துகொண்டுதான் இருந்தது.

கொட்டிக் கொட்டிக் குளவியாவதெல்லாம் பொய். கொட்டுவது அசையாமல் கிடக்கத்தான். உயிரோடு வைத்திருப்பது, கெட்டுப் போகாமல் இருக்க.

கம்பியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் போன் வெளிச்சத்தில் பார்த்த முகம் வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தது இதுதான். பணியாரம் போட்டுச் செய்தோம், பாசம் போட்டுச் செய்தோம், இறந்துபோன மகன் பேரைச் சொல்லிச் செய்தோம்.

திரும்பினால் ஆவுடை நிற்கிறாள். கையில் குங்குமப் பொட்டலம். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. திட்டுவாள், ஒப்பாரி வைப்பாள் என்று பார்த்தேன்.

"உடைச்சுட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

"இங்க வந்து பாரு ஆவுடை. எல்லாம் உசுரோட கிடக்கு. ஒண்ணும் நகர முடியலை."

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பூவரச இலையைப் பறித்து வந்து, அந்தப் பூச்சிகளை ஒவ்வொன்றாக அதில் எடுத்து, வேலி ஓரத்து நிழலில் கொண்டுபோய் வைத்தாள். பிழைக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். மதியம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மிச்ச மண்ணை இடித்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிச் சைலன்சரை மாட்டினேன். வேணி வந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள். எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ, வயசாகிவிட்டது, கண் மங்கல் என்றேன்.

"மைதீன் அண்ணன் கேட்டப்ப, பாத்தாச்சுன்னு சொன்னீங்கள்ல. அன்னைக்கே நான் குனிஞ்சு பாத்துட்டேன் மாமா."

"அப்புறம் ஏன் தாயி நீயே எடுக்கலை?"

"நான் உடைச்சா அத்தை மனசு என்னென்னமோ நினைக்கும். அதுவும் போக, நீங்களா எடுத்து என்னை அனுப்பணும்னு இருந்தேன். நான் பிச்சுக்கிட்டுப் போனதா இருக்கக் கூடாது."

மெயில் என்ன ஆச்சு என்று கேட்டேன். அனுப்பவில்லை என்றாள். வண்டியை உதைத்துப் பார்க்கலாமா என்றாள். நாளைக்கு, உன் அத்தை இருக்கும்போது என்று சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

விடிந்ததும் வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஆவுடை அடுப்படியை விட்டு வரவில்லை. வேணி பையைப் பின்னால் வைத்துக் கட்டினாள். பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, உதைத்தாள். முதல் உதைக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது.

தெருவெல்லாம் வெள்ளைப் புகை. அந்தச் சத்தம். இரண்டரை மாதமாக எந்தச் சத்தம் முக்கில் கேட்காதா என்று இருந்தோமோ, அதே சத்தம் எங்கள் வாசலிலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே சுர்ரென்று கேட்டது. ஆவுடை தோசை ஊற்றிவிட்டாள். ராஜுவின் வண்டிச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் கல்லைப் போட்டு மாவை ஊற்றுவாள், அவன் கை கழுவுவதற்குள் தட்டில் தோசை விழும். அந்தப் பழக்கத்தில் கை ஊற்றியிருக்கிறது. ஊற்றிய பிறகுதான் நினைவு வந்திருக்க வேண்டும். கரண்டியும் கையுமாக நடைக்கு ஓடி வந்தாள். வண்டியைப் பார்த்தாள், வண்டி மேல் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். முகம் அப்படியே விழுந்துபோனது.

வேணி வண்டியை அணைக்கப் போனாள். ஆவுடை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அணைக்காத. ஓடட்டும்" என்றாள். "இறங்கி வந்து ரெண்டு தோசை தின்னுட்டுப் போ. வெறும் வயித்தோட மதுரை வரைக்கும் போவியா?"

வண்டி வாசலில் ஓடிக்கொண்டே நிற்க, நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். வேணி நடையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆவுடை சுட்டுச் சுட்டுப் போட்டாள். சாப்பிட்டு எழுந்து காலில் விழுந்தவளை ஆவுடை தூக்கி, தலையில் கை வைத்து, போய்ட்டு வா என்றாள். கூடவே, வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, போன் மட்டும் பண்ணு என்றாள்.

வேணி போய்விட்டாள். சத்தம் பள்ளிவாசல் முக்கு தாண்டி, பைபாஸ் ஏறி, லாரிச் சத்தத்தோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் ஆகும்வரை ஆவுடை வாசலில் நின்றாள். பங்குனியில் ஊரே கூடி அழுதபோது அவள் அழவில்லை. மயானத்திலிருந்து நான் திரும்பி வந்தபோதும் அழவில்லை. ராஜு எங்கேயோ போயிருக்கிறான் என்பது போலவே அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இப்பத்தாங்க போறான்" என்றாள். படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பார்வதியக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாள்.

உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.